குறுக்கே வந்த கிளை

பறவைகளிடம் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம், அவை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. முப்பது வருஷமாக மனிதர்களைப் படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். அரூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய தெருவில் என் ஸ்டுடியோ இருக்கிறது. 'தலையைக் கொஞ்சம் இறக்குங்க, தோளை நேரா வையுங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க' என்று நான் சொன்னால் பெரிய அதிகாரியும் கேட்பார், கல்யாண மாப்பிள்ளையும் கேட்பார். ஊரே கண்டு நடுங்கும் ஆட்கள்கூட என் ஸ்டூலில் வந்து உட்கார்ந்துவிட்டால் பச்சைப் பிள்ளைதான். மைனா அப்படி இல்லை. நான் லென்ஸைத் திருகி முடிக்கிற நேரம் பார்த்து முதுகைக் காட்டும்.

எனக்குச் சர்க்கரை வந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதால்தான் நான் பூங்காவுக்கே போனேன். தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார். எங்கள் ஊர்ப் பூங்கா பெரியது அல்ல. ஏரிக்குப் போகும் பாதையில், நான்கு புங்கமரம், ஒரு பழைய புளியமரம், ஓரமெல்லாம் மருதாணிப் புதர், கட்டிய நாளிலிருந்து தண்ணீர் பீய்ச்சாத ஒரு நீரூற்று மேடை. அதைச் சுற்றி நடைபாதை. முதல் நாள் ஒன்பது சுற்று சுற்றினேன். செக்கில் கட்டிய மாடு எப்படிப் பொறுத்துக்கொள்கிறது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். மூன்றாம் நாள் கையில் கேமராவை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். நடப்பதற்கு ஒரு காரணம் வேண்டுமல்லவா?

முதலில் சிக்கியது அணில். யாரோ போட்டுவிட்டுப் போன நிலக்கடலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பல்லால் உரித்துக்கொண்டிருந்தது. நான் முட்டிபோட்டு உட்கார்ந்து, ஃபோகஸ் வைத்து, "ரெடி" என்றேன். அணில் மரத்தின் மறுபக்கம் போய்விட்டது. முப்பது வருஷப் பழக்கம், பட்டனை அழுத்தும் முன் வாய் தானாக 'ரெடி' சொல்லும். அடுத்து ஏழு தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்தன. "ரெடி" என்றதும் ஏழும் பறந்தன. இந்த ஒரு வார்த்தையை விழுங்கக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு மாசம் ஆயிற்று. இன்றைக்கும் நல்ல வெளிச்சத்தில் நல்ல பறவை வந்து உட்கார்ந்தால் தொண்டை வரைக்கும் வந்துவிட்டுத்தான் திரும்புகிறது.

என் மனைவிதான் ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். சட்டையோடு வந்தவருக்குக் கோட்டு மாட்டிவிடுவது, பரு மறைப்பது, கல்யாண வீட்டில் வராமல் போன சித்தப்பாவை குரூப் போட்டோவில் கொண்டுவந்து நிறுத்துவது எல்லாம் அவள் கைவேலை. என் மைனா படத்தைப் பார்த்துவிட்டு, "ஏங்க, இதுக்கும் ஒரு கோட்டு போட்டு உட்டுடட்டுங்களா? கழுத்துக்கு டையும் கட்டிடலாம்" என்றாள். கிண்டல் செய்தாலும் நாலைந்து மாதத்தில் அவளுக்கும் ருசி பிடித்துவிட்டது. காலையில் நான் வந்ததும் டீயைக் கையில் கொடுத்துவிட்டு, கேமரா கார்டை வாங்கிப் போய்க் கம்ப்யூட்டரில் சொருகிவிடுவாள். எனக்கு முன்னால் அவள்தான் பார்ப்பாள். "இது மூக்கு வரல", "இதுல வெறும் வாலுதான் இருக்குது" என்று அங்கிருந்தே சத்தம் போடுவாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு டீ குடிப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் வேலையைத் தவிர ஒரு விஷயத்தைப் பற்றித் தினமும் பேசிக்கொண்டது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

பூங்காவில் என் கண்ணைத் திறந்துவிட்டவர் என்றால் செடிக்குத் தண்ணீர் விடும் அம்மாவைத்தான் சொல்ல வேண்டும். சித்தேரிக்குப் போகும் ரோட்டில் ஏதோ ஓர் ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். ஒப்பந்த வேலை. புடவைமேல் பச்சைக் கோட்டு, கையில் ரப்பர் குழாய். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவராக இருப்பார். முதல் மாதம் என்னைக் கண்டாலே குழாயை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போய்விடுவார். ஒருநாள் நான் புளியமரத்தடியில் மேலே பார்த்துக்கொண்டு, வாய்க்குள் ஈ போவது தெரியாமல் நின்றுகொண்டிருந்தபோது பின்னால் வந்து, "அண்ணா, அங்க இல்லீங்க. அந்தப் பொந்துல பாருங்க" என்றார். பார்த்தேன். புள்ளி ஆந்தைகள் இரண்டு, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, உருண்டைக் கண்ணால் என்னையே முறைத்துக்கொண்டிருந்தன. நான் அந்த மரத்தடியை முந்நூறு தடவையாவது கடந்திருப்பேன்.

அதற்கப்புறம் அவர் சொல்வதும் நான் போய் நிற்பதும் வழக்கமாகிவிட்டது. மீன்கொத்தி எந்தக் கம்பியில் உட்காரும், செம்போத்து எத்தனை மணிக்கு இறங்கும் எல்லாம் அவருக்கு அத்துப்படி. கேமராவின் பின்பக்கத் திரையில் படத்தைக் காட்டினால் ஈரக் கையைக் கோட்டில் துடைத்துவிட்டுத்தான் பார்ப்பார். "நல்லாருக்குதுங்க" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. வாட்ஸப்பில் வரும் நூறு பாராட்டைவிட எனக்கு அது பெரிதாக இருந்தது.

வாட்ஸப் என்றதும் நடைப்பயிற்சிக் குழுவைச் சொல்ல வேண்டும். காலையில் பூங்காவுக்கு வருகிறவர்கள் முப்பது பேர் சேர்ந்து வைத்திருக்கும் குழு. வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு சார்தான் அதற்கு எல்லாம். குடிநீர்க் குழாயில் தண்ணீர் வரவில்லையா, விளக்கு எரியவில்லையா, உடனே பூங்கா சூப்பர்வைசருக்குப் போன் போட்டுவிடுவார். நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். நான் தினம் ஒரு படம் குழுவில் போடுவேன். முதல் ஆளாக அவர்தான் மூன்று கைதட்டல் பொம்மை அனுப்புவார்.

இந்தப் பூங்காவிலேயே எனக்கு ஒழுங்காகப் போஸ் கொடுத்த ஒரே ஜீவன் கீரி. நீரூற்று மேடைக்கு அடியில் ஒரு ஓட்டை. அதில் ஒரு தாய்க் கீரியும் இரண்டு குட்டியும் இருந்தன. காலை ஏழு மணிக்கு வெயில் மேடையில் விழும்போது தாய் முதலில் வெளியே வரும். வந்து பின்காலில் எழுந்து நின்று, முன்கையைத் தொங்கவிட்டு, சுற்றிலும் பார்க்கும். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தவர் மாதிரி அசையாமல் நிற்கும். 'ரெடி' சொன்னால்கூட ஓடாது என்று நினைக்கிறேன், சோதித்துப் பார்க்கவில்லை. அது பார்த்துத் திருப்தியான பிறகுதான் குட்டிகள் வரும். வந்ததும் ஒன்று மற்றதன் வாலைக் கடிக்கும். பத்து நிமிஷம் இந்தக் கூத்து. அதைப் பார்த்துவிட்டுப் போனால் அன்றைக்கு ஸ்டுடியோவில் எந்தக் குழந்தை எவ்வளவு அழுதாலும் எனக்குக் கோபம் வராது.

போன சித்திரையில், ஒரு திங்கட்கிழமை நடந்தது இது. அதற்கு நாலு நாள் முன்னால் அந்த அம்மா என்னை மருதாணிப் புதர் பக்கம் கூட்டிப்போனார். இடுப்பு உயரத்தில், இலைகளுக்கு நடுவே, கொண்டைக்குருவிக் கூடு. மூன்று குஞ்சுகள். இறக்கை முளைக்க ஆரம்பித்திருந்தது.

"கிட்டப் போவாதீங்கண்ணா. தூரமா நின்னு எடுங்க. கையி மட்டும் படக் கூடாது" என்றார்.

"எனக்குத் தெரியாதாம்மா?" என்றேன்.

எனக்குத் தெரியும்தான். மூன்று நாளும் தூரமாகத்தான் நின்றேன். ஆனால் ஒரு கிளை கூட்டுக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தது. எந்தக் கோணத்தில் போய் நின்றாலும் அந்தக் கிளையின் இலை குஞ்சுகளின் முகத்தின்மேல் வந்து விழும். வெயில் மேலே ஏற ஏற நிழல் வேறு. மூன்று நாள் எடுத்த படமெல்லாம் பச்சையாகக் கலங்கி இருந்தது. என் மனைவி, "ஒண்ணும் தெரியல, கீரைக் கட்டு மாதிரி இருக்குது" என்று சொல்லிவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

என் தொழிலைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஃபிரேமுக்குள் குறுக்கே எது வந்தாலும் நகர்த்துவதுதான் கல்யாண போட்டோக்காரனின் முதல் வேலை. தாலி கட்டுகிற நேரத்தில் குறுக்கே வரும் அத்தையை நகர்த்துவோம், ஐயரை நகர்த்துவோம், வாழைமரத்தை ஒரு கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் எடுப்போம். மாலையின் பூ மணப்பெண் முகத்தை மறைத்தால் நானே போய் ஒதுக்கிவிடுவேன். யாரிடமும் கேட்டுக்கொண்டு இருக்க முடியாது. கை தானாகப் போகும். அந்தத் திங்கட்கிழமையும் என் கை தானாகப் போயிற்று.

ஆல்பம் கட்டும் சிவப்பு ரிப்பன் ஒரு துண்டு கேமராப் பையில் எப்போதும் கிடக்கும். அதை எடுத்து, அந்தக் கிளையை ஓரமாக வளைத்து, பின்னாலிருந்த கம்பி வேலியில் கட்டினேன். கூட்டின்மேல் என் விரல்கூடப் படவில்லை. ஐந்து நிமிஷம், எடுத்ததும் அவிழ்த்துவிடலாம் என்பதுதான் எண்ணம். அந்த அம்மா அப்போது பூங்காவின் மறுகோடியில் இருந்தார்.

தள்ளிப் போய் உட்கார்ந்தேன். தாய்க்குருவி கொஞ்சம் தயங்கியது. வேலிமேல் உட்கார்ந்து கத்தியது. பிறகு வந்தது. வாயில் ஒரு வெட்டுக்கிளி. மூன்று குஞ்சும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தன. காலை வெயில் நேராக அந்தச் சிவந்த வாய்களுக்குள் விழுந்தது. என் வாழ்க்கையில் நான் எடுத்த மிக நல்ல படம் அதுதான், இப்போதும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அந்தப் படத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தபோதே போன் வந்தது. மனைவி. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பெண்வீட்டார் ஆல்பம் வாங்க வந்துவிட்டார்களாம், எட்டு மணி பஸ்ஸுக்குப் போக வேண்டுமாம், ஆல்பம் வைத்த அலமாரிச் சாவி என் சட்டைப்பையில் இருக்கிறதாம். எனக்கு ஏற்கனவே தலைகால் புரியவில்லை, படம் அப்படி வந்திருந்தது. பையை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினேன். ரிப்பன் நினைவுக்கே வரவில்லை.

மத்தியானம் குழுவில் படத்தைப் போட்டேன். கைதட்டல், பூங்கொத்து, கும்பிட்ட கை, எல்லாம் மழையாகக் கொட்டியது. மேனேஜர் சார், 'இதைப் போட்டிக்கு அனுப்புங்கள்' என்று எழுதினார். மனைவி அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஸ்டுடியோ வாசலில் மாட்டலாம் என்றாள். ரிப்பன் நினைவுக்கு வந்தது சாயங்காலம், வேறொரு ஆல்பத்துக்கு ரிப்பன் தேடும்போது. ஆனால் பூங்காவை மூடும் நேரம் ஆகியிருந்தது. காலையில் முதல் வேலையாக அவிழ்த்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை நான் போகும் முன்பே மருதாணிப் புதர் அருகே ஐந்தாறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். என் படத்தைப் பார்த்துவிட்டுக் குஞ்சுகளை நேரில் பார்க்க வந்தவர்கள். கூட்டில் ஒரே ஒரு குஞ்சு இருந்தது. எட்டிப் பார்த்தேன். கிளை பழையபடி கூட்டுக்குக் குறுக்கே இருந்தது. ரிப்பனைக் காணோம்.

"கீரி வேலைதான். நேத்து காலையிலகூட இந்தப் பக்கம் ஓடுச்சு, நான் என் கண்ணால பாத்தேன்" என்றார் மேனேஜர் சார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குள் இரண்டு குரல் கேட்டது. ஒன்று, நீதான் காரணம் என்றது. இன்னொன்று, நீ போன கொஞ்ச நேரத்திலேயே முடிச்சு நழுவிக் கிளை தானாகத் திரும்பியிருக்கும், உனக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றது. இரண்டாவது குரல் இனிமையாக இருந்ததால் அதையே கேட்டுக்கொண்டு நின்றேன். அந்த அம்மா தூரத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அன்று மத்தியானத்துக்குள் குழுவில் கீரிக்கு எதிராகத் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். குழந்தைகள் விளையாடும் இடம், கடித்தால் என்ன ஆவது, பாவம் அந்தக் குஞ்சுகள் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். எழுதிய ஒவ்வொருவரும் என் படத்தைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் போட்டார்கள். மேனேஜர் சார் சூப்பர்வைசருக்குப் போன் போட்டார். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கொத்தனார் வந்து நீரூற்று மேடையின் ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுவார் என்று பதில் வந்தது. 'உள்ளே குட்டி இருக்குமே' என்று ஒருவர் எழுதினார். 'சத்தம் கேட்டால் வெளியே ஓடிவிடும்' என்று இன்னொருவர் எழுதினார். குட்டி சத்தம் கேட்டால் உள்ளேதான் ஓடும். அதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். குழுவில் ஒரு வார்த்தை எழுதவில்லை.

புதன்கிழமை காலை மேடைக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். ஏழு மணிக்குத் தாய்க் கீரி வந்தது. எழுந்து நின்றது. நேராக லென்ஸைப் பார்த்தது. குட்டிகள் வந்து வாலைக் கடித்துப் புரண்டன. நான் பட்டனை அழுத்தவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, ஐம்பத்துநாலு வயதில், பொது இடத்தில். அந்தக் கீரிக்கு நான் செய்ததைவிட, செய்துவிட்டுச் சும்மா இருப்பதுதான் என்னை அதிகம் அரித்தது. இன்னும் ஒரு நாள்தான் இருந்தது.

ஸ்டுடியோவுக்குப் போனதும் மனைவி கார்டுக்குக் கை நீட்டினாள். "ஒண்ணும் எடுக்கல" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் ரிப்பன் கதையைச் சொன்னேன். அவள் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்து, பெரிதாக்கி, ஓரத்துக்கு நகர்த்தினாள். இடது மூலையில், வேலிக் கம்பியில், சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. நான் அதைப் பார்த்திருக்கவே இல்லை.

"நான் இத அன்னிக்கே பாத்தனுங்க. பூவுன்னு நெனச்சு உட்டுட்டேன்" என்றாள். படத்தை மூடிவிட்டு, "போயி சொல்லிடுங்க. என்ன, நாலு நாளைக்குச் சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போறாங்க" என்றாள்.

வியாழக்கிழமை ஆறு மணிக்கே போய்விட்டேன். அந்த அம்மா அப்போதுதான் குழாயை மாட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்களிடம் சொல்லும் முன் அவரிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கூட்டைக் காட்டியவர் அவர்.

"அம்மா, அன்னிக்கு அந்தக் கிளைய வளைச்சுக் கட்டுனது நான்தான். அவுக்காமப் போயிட்டேன்."

அவர் குழாயை மூடினார். சாமான் அறைக்குப் போய்ச் சாப்பாட்டுப் பையை எடுத்துவந்தார். அதற்குள்ளிருந்து, நாலாக மடித்த சிவப்பு ரிப்பனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"திங்கக்கெழம பத்து மணி இருக்குங்க. கூடு மறைப்பில்லாம வெட்டவெளியாக் கெடந்துச்சு, நீங்க வளைச்சுக் கட்டுன கெளை மேலயே காக்கா உக்காந்திருந்துச்சு. ரெண்டத் தூக்கிடுச்சு. மூணாவதுக்குத் தலைய நீட்டறப்ப நான் வாளியத் தூக்கி அடிச்சேன். அப்பறந்தான் இதப் பாத்து அவுத்து உட்டேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"சூப்பர்வைசர்கிட்டச் சொன்னனுங்க, காக்காதான்னு. இத்தினி நாளா எடுக்காத காக்கா இன்னிக்கு எப்படி எடுக்கும்னாரு. அதுக்கு மேல பேசுனா இத எடுத்துக் காட்டணும். இது யாருதுன்னு வரும். நான் சொன்னா நம்புவாங்களாங்க? நீங்க ஊர்ல கட வெச்சிருக்கறவரு. நாந்தான் எதையோ செஞ்சுபுட்டு உங்க மேல சொல்றேம்பாங்க. இருக்கற வேலயும் போயிரும்." மூச்சு வாங்கிக்கொண்டு, "நீங்க சொன்னாத்தான் எடுபடும். சொல்லுவீங்கன்னுதான் பாத்துட்டிருந்தேன்" என்றார்.

"நான் சொல்லாமயே உட்டிருந்தா?"

அவர் நீரூற்று மேடையைத் திரும்பிப் பார்த்தார். "கொத்தனாரு வந்ததும் போயி அந்த ஓட்டை மேல உக்காந்துக்கலாம்னு இருந்தனுங்க. வேல போனாப் போவுதுன்னு."

இரண்டு நாளாக எனக்கு இனிமையாகப் பேசிய அந்த இரண்டாவது குரலை அப்போது பிடித்து ஏரியில் எறிய வேண்டும் போலிருந்தது. என் பெயர் கெடக் கூடாது என்று நான் சும்மா இருந்த நேரத்தில், இந்த அம்மா தன் சோற்றையே பணயம் வைக்கத் தயாராக நின்றிருக்கிறார்.

ஏழேகாலுக்கு நடந்து முடித்தவர்கள் புங்கமரத்தடி பெஞ்சில் வந்து உட்காருவார்கள். பத்துப் பேர் இருந்தார்கள். நான் முன்னால் போய் நின்று, ஒரே மூச்சில் சொன்னேன். கூடு, கிளை, போன், பஸ், காக்கா எல்லாம். ரிப்பனைக் கையில் பிடித்துக் காட்டினேன். அதை எடுத்துவைத்தவர், மூன்றாவது குஞ்சைக் காப்பாற்றியவர் யார் என்றும் சொன்னேன். கல்யாண மேடையில் நூறு பேரை அதட்டி நிறுத்துகிறவன், அன்றைக்கு யார் முகத்தையும் பார்க்காமல் ரிப்பனைப் பார்த்தே பேசினேன்.

மேனேஜர் சார்தான் முதலில், "அடப்பாவமே. நான் அதுக்கு மூணு கைதட்டு போட்டனேங்க" என்றார். ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு எல்லோருமே சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. எழுந்து தள்ளிப் போய், அவரே சூப்பர்வைசருக்குப் போன் போட்டார். "தப்பு நம்ம மேல. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்று சொன்னது எங்களுக்குக் கேட்டது. அந்த மனிதர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

கொத்தனார் எட்டு மணிக்கு வந்து, யாரையும் கேட்காமல் கலவையைப் போட்டுக் குழைத்துவிட்டார். வேண்டாம் என்றதும், "கலந்தாச்சுங்களே, காஞ்சிரும். எங்கனா காட்டுங்க" என்று கரண்டியோடு நின்றார். செடிக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாயடி உடைந்து, ரொம்ப நாளாகச் சேறாகக் கிடந்தது. அதைக் காட்டினோம். அரை மணி நேரத்தில் அழகாகப் பூசிக் கொடுத்துவிட்டுப் போனார். நீரூற்று மேடையிலிருந்து தாய்க் கீரி எழுந்து நின்று இதையெல்லாம் வேடிக்கை பார்த்தது. அன்றைக்குப் பட்டனை அழுத்தினேன்.

எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பத்துப் பேர் முன்னால் தப்பை ஒத்துக்கொள்வது எல்லோராலும் முடியுமா என்ற நினைப்பு. நேராக அந்த அம்மாவிடம் போனேன்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதும்மா" என்றேன்.

"ஆமாங்கண்ணா. சந்தோசங்க" என்றார். புதிதாகப் பூசிய குழாயடியில் கால் படாமல் தள்ளி நின்று, குழாயை மாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, கோபம் துளிகூட இல்லாத குரலில் சொன்னார்: "ஆனா ஒண்ணுங்க. இனிமே கூடு எங்க இருந்தாலும் உங்களுக்குக் காட்ட மாட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

நான் தப்பாக நினைக்கவில்லை. சரி என்று தலையை ஆட்டினேன்.

மிஞ்சிய அந்தக் குஞ்சு நாலைந்து நாளில் பறந்துவிட்டதாக மேனேஜர் சார் குழுவில் எழுதினார். கீரிக் குட்டிகள் வளர்ந்து, ஒன்று ஏரிப்பக்கம் போய்விட்டது. நல்ல படம் என்று நான் சொன்னேனே, அதைப் பிரிண்ட் போடவில்லை. மனைவியும் கேட்கவில்லை. மற்றபடி என் காலைகள் முன்னைவிட நன்றாகவே போகின்றன. சர்க்கரையும் குறைந்திருக்கிறது. அந்த அம்மா இப்போதும் மீன்கொத்தி வந்தால் கூப்பிடுவார், ஆந்தை இடம் மாறினால் சொல்வார். போன தை மாதம் குடும்பத்தோடு ஸ்டுடியோவுக்கு வந்து போட்டோகூட எடுத்துக்கொண்டார். படத்தைப் பார்த்து, "நல்லாருக்குதுங்க" என்றார்.

இப்போது மறுபடியும் சித்திரை. நேற்றுக் காலை அவர் நந்தியாவட்டைச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எல்லாச் செடிக்கும் குழாயை மேலே தூக்கிப் பீய்ச்சிக்கொண்டு வந்தவர், மூன்றாவது செடிக்கு மட்டும் குனிந்து, வேரில் வைத்து, சத்தமில்லாமல் விட்டார். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டார். என் கையில் கேமரா இருந்தது. அவர் அடுத்த செடிக்குப் போகவில்லை. குழாயைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். நான் லென்ஸை மூடிப் பைக்குள் போட்டேன். வந்த வழியே திரும்பி, ஏரிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனேன்.